வரிச் சிறகுப் பூச்சியும் பழனியம்மாளின் பூந்தொட்டிகளும்

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பூச்சியைப் பிடிப்பது, ஸ்லைடில் ஏற்றுவது, உணர்கொம்பில் கணு எண்ணுவது எல்லாம் உங்கள் பாடத்திலேயே வந்திருக்கும். வராமல் போயிருந்தால் உங்கள் செல்போனில் வந்திருக்கும். அதையெல்லாம் நான் மறுபடி எழுதினால் நீங்களும் படிக்க மாட்டீர்கள், எனக்கும் அலுப்பு. ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், ஏற்காட்டில் நடந்தது.

நான் இலைப்பேன் ஆள். வேறு பூச்சிகளை ஆராய்பவர்களுக்குக் கொஞ்சமாவது மரியாதை கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிக்காரர் வந்தால் குழந்தைகள் சுற்றி நிற்கும். என் வேலையைச் சொன்னால், "பேனுங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி உட்காருவார்கள். இலைப்பேனுக்கும் தலைக்கும் சம்பந்தமில்லை, அது பூவிலும் இலையிலும் கீறிச் சாறு குடிக்கும், பேனா முனையால் வைத்த சின்னக் கோடு அளவுதான் இருக்கும் என்று விளக்குவதற்குள் பஸ் வந்துவிடும். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இலைப்பேனுக்கும் தொடர்பில்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை நான் எப்போதும் ஒரு தீவாகத்தான் நினைத்தேன். கீழே சேலத்தின் வெக்கை நாலு பக்கமும் சூழ்ந்திருக்கிறது. மேலே குளிர். குளிருக்குப் பழகிய ஒரு சின்னப் பூச்சி அந்த வெக்கையைக் கடந்து இன்னொரு மலைக்குப் போய்விட முடியாது. இங்கே இருக்கிற இலைப்பேன்களும், அவற்றைத் தின்கிற பூச்சிகளும், காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் தங்களுக்குள்ளேயே ஒரு கணக்கில் வாழ்கின்றன. தின்கிற பூச்சி ஒன்று இங்கே அழிந்துவிட்டால் வேறெங்கிருந்தும் வந்து சேராது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மலையை விட்டு இறங்க மனம் வரவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிப் போனார்கள். உதவியாளர் போன இடத்துக்கு யாரும் வரவில்லை. கடைசி சில வருடங்கள் அந்த ஆய்வு அறையில் நான் மட்டும்தான். காலையில் கதவைத் திறப்பதும் நான், பொழுது சாய்ந்ததும் பூட்டுவதும் நான். நடுவில் ஒரு வார்த்தை பேசாத நாள்கள் உண்டு. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்வேன்.

பழனியம்மாள் பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் நிழல்வலை கட்டி நர்சரி வைத்திருந்தாள். பல வருடம் மற்றவர்களின் நர்சரியில் தண்ணீர் ஊற்றியும் மண் கலந்தும் கூலிக்கு இருந்தவள். அந்த வருடம்தான் முதல்முறையாகச் சொந்தமாகச் செடி வளர்த்திருந்தாள். கோடையில் ஏற்காட்டில் நடக்கும் மலர்க் காட்சிக்கு அவளுடைய தொட்டிகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். டேலியா, சால்வியா, சாமந்தி. விற்றுக் கிடைப்பதைவிட, அந்த மைதானத்தில் தன் தொட்டி நிற்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. செடிக்கு ஏதாவது என்றால் இலையைப் பறித்துக்கொண்டு என்னிடம் வருவாள். அப்படித்தான் பழக்கம்.

"போன வருசம் வரைக்கும் அங்க நான் தொட்டியத் தூக்கி வெச்சுட்டு வெளிய வந்துருவேனுங்க மேடம். பாக்கறவங்க எல்லாம் ஓனர் பேரத்தான் கேப்பாங்க. இந்த வருசம் நானும் டிக்கெட்டு வாங்கிட்டு உள்ள போயி, என்ற தொட்டிகிட்டயே நிக்கப் போறேன்" என்று சொன்னாள்.

தொட்டிகளை லாரியில் ஏற்ற வேண்டிய நாள் காலையில், செடிகளை ஆய்வு செய்ய ஒரு தோட்டக்கலை அதிகாரி அவளுடைய நர்சரிக்குப் போனார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. சமவெளியிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். சில பூக்களின் இதழ்களில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். அவருடன் வந்த ஆள்கள் பூவை வெள்ளைத் தட்டில் தட்டியபோது வழக்கத்தைவிடப் பெரிதாக, எறும்பு மாதிரி இடுப்பு ஒடுங்கி, சிறகில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட இலைப்பேன்கள் விழுந்து ஓடின. யாரும் பார்த்திராத பூச்சி. உடனே அத்தனையையும் பிடித்து ஸ்பிரிட் குப்பியில் போட்டு, ஒரு டேலியாப் பூவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, டூவீலரில் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். நம் தொழிலில் மட்டுமே நடக்கும் தவறு இது. எது கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிறதோ அதைத்தான் கை தானாகப் பிடிக்கும், பிடித்த கையோடு கொல்லும். பூவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன மஞ்சள் இலைப்பேன்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவை எல்லாத் தோட்டத்திலும் இருப்பவை.

நடுப்பகலுக்கு அதிகாரியே நேரில் வந்தார். பின்னாலேயே பழனியம்மாளும் வந்து வராந்தாவில் நின்றாள். ஈரக் கையோடு, சேலையில் மண்ணோடு.

"மேடம், இந்தப் பூச்சி இந்த மலைல இருக்கறதா எங்கயாச்சும் பதிவு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை."

"அப்ப வெளிய இருந்து வந்ததுங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது. பதிவு இல்லைன்னா இங்க யாரும் தேடலைன்னு அர்த்தம். தேடினது நான் ஒருத்திதான். நானும் எல்லாச் செடியையும் பாத்து முடிக்கலை."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். மலர்க் காட்சிக்கு எல்லா நர்சரியிலிருந்தும் தொட்டிகள் வருகின்றன. ஒன்றோடொன்று கலந்து நின்று, முடிந்த பிறகு மலை முழுவதும் திரும்பிப் போகின்றன. புதிய பூச்சி ஒன்று அதில் பரவி மிளகையும் ஆரஞ்சையும் பிடித்தால், அனுமதி கொடுத்தவர் பெயர்தான் முதலில் வரும். அதனால் இரண்டே வழி வைத்திருந்தார். இந்தப் பூச்சி செடிக்குத் தீங்கு செய்யாது என்று நான் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் புறப்படும் லாரியில் பழனியம்மாளின் தொட்டிகளும் ஏறும். இல்லையென்றால் இருட்டுவதற்குள் குழி வெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடுவது.

"உங்க கையெழுத்து ஒண்ணு போதும் மேடம். மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு அதுதான் பாரமாக இருந்தது. குப்பியில் கிடந்தவற்றைப் பார்த்ததுமே எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை மற்ற இலைப்பேன்களைப் பிடித்துத் தின்பவை. அப்படியானால் திருட்டு நடந்த வீட்டில் போலீஸ்காரரைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் "பெரும்பாலானவை" என்பது வேறு, "இது" என்பது வேறு. அதே குடும்பத்தில் பூவைத் தின்று வாழ்பவையும் உண்டு. இரண்டையும் செய்பவை உண்டு. இந்த மலையில் இது என்ன செய்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. செத்துக் கிடக்கும் பூச்சி பெயரைச் சொல்லுமே தவிர என்ன தின்றது என்று சொல்லாது.

பிளாஸ்டிக் கவரைப் பிரித்து அந்த டேலியாவை இதழ் இதழாக விரித்தேன். நடுவில் ஒரே ஒரு வரிச் சிறகுப் பூச்சி உயிரோடு இருந்தது. அந்த மஞ்சள் இலைப்பேன்களின் குஞ்சுகளும் நிறைய இருந்தன. ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்து, மேலே இதழ்த் துண்டைப் பரப்பி, இரண்டையும் சேர்த்து விட்டு மூடி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன்.

"இது என்ன செய்யுதுன்னு பாத்துட்டு எழுதறேன்" என்றேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பழனியம்மாள் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பூச்சி ஒன்றுமே செய்யவில்லை. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு ஓரிடத்தில் நின்று உணர்கொம்பைத் துடைத்தது. மஞ்சள் குஞ்சு ஒன்று மூக்குக்கு நேரே நடந்து போனது, இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரிக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து ஒவ்வொரு முறையும், "என்னங்க மேடம்?" என்பார். "இன்னும் இல்லை" என்பேன். மைக்ராஸ்கோப் விளக்கின் வெளிச்சம்தான் அதை மிரட்டுகிறதோ என்று தோன்றியது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளக்கடைக்குப் போய் இன்னும் சில பூச்சிகளை உயிரோடு பிடித்து வந்தால் நாலைந்து கிண்ணம் வைத்துப் பார்க்கலாம். செடியிலேயே உட்கார்ந்து பார்த்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். ஆனால் நான் எழுந்து போனால் இந்த ஒன்றை யார் பார்ப்பது? போகிற நேரத்தில் அது தின்றுவிட்டால்? இலைப்பேனைப் பார்த்து இது குஞ்சு, இது வரிச் சிறகு, இது இப்போது குத்துகிறது, இது சும்மா தொடுகிறது என்று பிரித்துச் சொல்ல என்னைத் தவிர அந்த மலையில் ஒருவரும் இல்லை. நாற்காலியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

லாரி கிளம்பும் நேரம் நெருங்கியதும் பழனியம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"மேடம், உங்க மனசுக்கு என்ன தோணுதுங்க? நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியா?"

"நல்ல பூச்சின்னுதான் தோணுது கண்ணு."

"அப்ப அதையே எழுதிக் குடுத்துருங்க. ஏனுங்க, நீங்க சொல்லி எப்பத் தப்பாப் போயிருக்குது?"

"தோணறத எழுதக் கூடாது. பாத்தத்தான் எழுதணும்."

"லாரி போயிருமுங்க."

"தெரியும்."

அவள் மேஜைக்கு இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு சொன்னாள்: "நொம்ப நாளா உங்ககிட்ட வந்து போயிட்டிருக்கறேன். என்ற பொழப்ப விட அந்தப் பூச்சி உங்களுக்குப் பெருசாப் போச்சுங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லியிருக்கலாம். தவறாக எழுதி, இந்தப் பூச்சி மிளகில் ஏறிவிட்டால் வாழவந்தியிலும் கிளியூரிலும் எத்தனை பேர் பிழைப்புப் போகும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கண்ணை எடுத்தால் பூச்சியைத் தவறவிடுவேன் என்ற சாக்கில் மறுபடி குனிந்துகொண்டேன். அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

லாரியை அனுப்பிவிட்டு வருவதாகச் சொல்லி அதிகாரியும் புறப்பட்டார். குழி வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். சற்று நேரத்தில் கீழே வளைவில் லாரி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. சத்தம் நம் கட்டிடத்தைக் கடந்து டவுன் பக்கம் போய்த் தேய்ந்தது. வராந்தாவில் பழனியம்மாள் அசையவே இல்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வரிச் சிறகு திடீரென்று ஓட்டத்தை நிறுத்தியது. முன்கால்களால் ஒரு மஞ்சள் குஞ்சைப் பிடித்துத் தூக்கி, தலையைக் குனிந்து குத்தியது. குஞ்சு நெளிந்தது. மெல்ல மெல்லச் சுருங்கி வெறும் தோலானது. அதைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தது. இதழை அது தொடவே இல்லை. கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தேன், பஞ்சை மாற்றினேன். திரும்பத் திரும்ப அதையே செய்தது.

என் வேலைக் காலத்தில் அதற்கு ஈடான சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. யாரும் பார்த்திராத ஒன்றை மலைமேல் உட்கார்ந்து முதலில் பார்த்தவள் நான். சத்தமாக, "பிடிச்சிருச்சு!" என்று சொன்னேன். அறையில் யாரும் இல்லை. என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. எழுந்து போய்ப் பழனியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு அவள் கண் குழாயிலேயே நிலைத்துவிட்டது.

"தின்னுதுங்க" என்றாள்.

"ஆமா. உன் செடியக் கீறினது அந்த மஞ்சள். இது அதைத் தின்னத்தான் வந்திருக்கு. உன் தொட்டிய யாரும் எரிக்க முடியாது."

அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "லாரி போயிருச்சுங்களே."

அதிகாரி வந்து தானும் பார்த்தார். செல்போனை மைக்ராஸ்கோப் குழாயில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்தேன். குழி வெட்டுவதை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். நாளைக்கு வேறு வண்டியில் தொட்டிகளை ஏற்ற முடியுமா என்று நான் கேட்டபோது அவரே இரண்டு மூன்று பேரிடம் பேசினார். காட்சியில் பழனியம்மாளுக்கு ஒதுக்கிய இடத்துக்குச் சேலத்திலிருந்து வேறு தொட்டிகளை வரவழைத்து விட்டார்கள். இடம் இல்லை. அவர் அதை அவளிடம் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

அன்று நான் செய்தது சரியா என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். மறுபடி அதே நாள் வந்தாலும் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களும் போடாதீர்கள். எத்தனை பேர் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும், உங்கள் மனசே சரி என்று சொன்னாலும் போடாதீர்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அன்றைக்கு என்னுடன் இன்னொருவர் இருந்திருந்தால் ஒருவர் அறையிலும் ஒருவர் செடியிலும் உட்கார்ந்திருப்போம். லாரி போவதற்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு மட்டுமே தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். அந்தப் பெருமைக்காகத் தண்டம் கட்டியது பழனியம்மாள். ஆகவே ஒரு மலையில் ஒரு ஆளாக இருக்காதீர்கள். ஆள் போட மாட்டேன் என்றால் ஆபீஸ் படி ஏறிச் சண்டை போடுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களில் ஆர்வமுள்ளவரைப் பிடித்துக் குழாயில் கண்ணை வைக்கச் சொல்லுங்கள்.

மலர்க் காட்சி தொடங்கியபோது எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. பஸ் ஏறி வெள்ளக்கடைக்குப் போனேன். எதிரே டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக டவுனுக்கு ஏறிக்கொண்டிருந்தன. நர்சரியில் பழனியம்மாள் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே போட்டாள். வாங்க என்றும் சொல்லவில்லை, எதுக்கு வந்தீங்க என்றும் கேட்கவில்லை.

வலைக்குள் எல்லாம் பூத்திருந்தது. நான் அந்த அளவு பூவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வரிச் சிறகுகள் தங்கள் வேலையை முடித்திருக்க வேண்டும், புதிதாக விரிந்த இதழ் எதிலும் ஒரு கீறல் இல்லை. தட்டும் குப்பியும் பையில் இருந்தன. வெளியே எடுக்கவில்லை. எந்தப் பூவையும் திருப்பி அடியில் பார்க்கவும் இல்லை.

"சுத்திக் காட்டு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதல் வரிசையில் நின்று, "இது டேலியாங்க. கெழங்கு நானே பிரிச்சு வெச்சதுங்க" என்றாள். நான் நின்று பார்த்தேன். அடுத்த வரிசைக்குப் போனோம். "இது சால்வியா. மொளைக்கவே மொளைக்காதுன்னாங்க." அங்கேயும் நின்று பார்த்தேன். எந்த வரிசையிலும் அவசரப்படவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. எந்தத் தொட்டிக்கு எந்த மண், எது பனியில் வாடிப் பிழைத்தது என்றெல்லாம் சொன்னாள். மேலே ரோட்டில் ஹாரன் சத்தம் ஓயவில்லை. ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

கடைசி வரிசையில் சாமந்தி. அதையும் பார்த்து முடித்த பிறகு இருவரும் அங்கேயே நின்றோம். நாங்கள் வந்த வழியை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருத்தரு பாக்கறதுக்கு இத்தன பூவு சாஸ்திங்க மேடம்" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். "நொம்பச் சாஸ்தி."